பேஷண்டைத் தொடுவது போல

பெண்கள் வார்டு, டூட்டி ரூம்
திங்கட்கிழமை மதியம்

அன்புள்ள வாலுவுக்கு,

நெட்டை எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டுவிட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். ஆஸ்பத்திரி வாசலில் உன் படத்தைப் பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். கன்னம் உப்பி, கண்ணாடி போட்டு, ஆளே மாறியிருக்கிறாய். நம் வார்டு ஆயா மட்டும் அது நீதான் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அந்த ஒல்லிக்குச்சி எங்கே, இந்த அம்மா எங்கே என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறாள்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நீ காரை ஓட்டிக்கொண்டே பேசுவாய். "சொல்லு, சொல்லு" என்று அவசரப்படுத்துவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி வைத்துவிடுவேன். பல வருஷமாக இப்படியே போகிறது. அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. டாக்டர்களோடு பழகிப் பழகி எனக்கும் அப்படியே ஆகிவிட்டது.

நம் நர்ஸிங் பள்ளியில் படித்தவர்கள் கூடும் விழாவுக்கு நீதான் சிறப்பு விருந்தினர் என்று மேட்ரன் சொன்னார். 'கருணையால் ஒரு குடும்பம்' என்று தலைப்பாம். யார் வைத்தார்களோ, வாய் இனிக்கிறது. அந்தத் தலைப்பை எழுதி மாடியிலிருந்து ஒரு பேனர் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது சரியாக நம் பெண்கள் வார்டு ஜன்னல்களை மூடிக்கொண்டு தொங்குகிறது. காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு நரம்பு தேடி ஊசி போடுகிறோம். மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். விழா முடியும்வரை கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார். அனுசரித்துப் போவது எங்களுக்குப் புதிதா என்ன. எழுத்தெல்லாம் வெளிப்பக்கம், உள்ளே இருக்கிற எங்களுக்குத் துணியின் முதுகுதான் தெரிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் துணிக்குப் பின்னால், ஜன்னலோரக் கட்டிலில், நம்மையெல்லாம் நர்ஸாக்கிய பெரியக்கா படுத்திருக்கிறார்.

பதறாதே. பதறினாலும் பரவாயில்லை, பதறு. ரிட்டயர் ஆன பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார் அல்லவா? போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பைச் சேர்த்துவிட்டார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. படுத்த படுக்கையில் இதயம் பலவீனமாகி, இப்போது காலில் நீர் கோத்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டிப் போட்டிருந்தார். உனக்கு அங்கே தலைக்கு மேல் வேலை என்பார். அவருடைய தம்பி குடும்பம் ஒரு தடவை வந்தது. பழக்கூடையை வைத்தார்கள், டாக்டரிடம் எவ்வளவு நாள் என்று கேட்டார்கள், போய்விட்டார்கள்.

ஆனால் நோயாளி என்று நினைத்துவிடாதே. படுத்துக்கொண்டே வார்டை ஆட்டி வைக்கிறார். டிரிப் முடிகிற சத்தமில்லாத நேரம் அவருக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. "ஏண்டி நெட்டை, கோடிக் கட்டில் தையல்காரம்மாவுக்கு பாட்டில் மாத்து" என்று குரல் வரும். டூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று ஒவ்வொருவர் நிலைமையையும் சொல்லி அடுத்தவளிடம் ஒப்படைப்போமே, அப்போது தன் கட்டிலுக்கு வந்ததும் எங்களைப் பேச விட மாட்டார். அவரே சொல்வார்: "ஜன்னலோரக் கட்டில். வயசான கேஸ். இதயம் வீக். காலு வீக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, வாய் மட்டும் குறையல." புதிதாக வந்த பெண்கள் சிரித்துச் சாய்வார்கள். படுத்திருந்தாலும் அவர் டூட்டியில்தான் இருக்கிறார் என்று எங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு. அவருக்கும் அப்படித்தான்.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எனக்கு வெளிநாட்டில் ஒரு பெண் இருக்கிறாள் என்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஒரு டீச்சர் இருக்கிறார், அவர் நம்பியேவிட்டார். கல்யாணம் ஆகாதவருக்கு எப்படி மகள் என்று என்னிடம் தனியாகக் கேட்டார். நான் என்ன சொல்ல? பயிற்சிக்கு வந்த புதிதில் உனக்கு மஞ்சள் காமாலை வந்து, ஹாஸ்டலில் யாரும் பக்கத்தில் வராமல், பெரியக்கா தன் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டாரே, அதைச் சொன்னேன். உன் அம்மா வந்து சேர்ந்தபோது நீ எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாய் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு நாள் டூட்டி ரூமில் எல்லார் முன்னாலும், "கடைசி காலத்துல உங்களுக்கு பெட் பேன் வைக்கிறது நான்தான், வேற எவளையும் கிட்ட விட மாட்டேன்" என்று நீ சொன்னாய். எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். அவரும் சிரித்தார், ஆனால் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டுவிட்டார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. உடம்பு துடைப்பது நான், புரட்டிப் போடுவது நான், இரண்டு வேளை ஊட்டுவது நான். அதற்காக டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். துடைத்துவிட்டு நிமிரும்போது பெரியக்கா கேட்கிற முதல் கேள்வி, வாலு எப்போ வருவா. பொறாமை என்றால் பொறாமை என்றே வைத்துக்கொள். கூடவே கிடக்கிறவர்கள் யார் கண்ணுக்குத்தான் தெரிகிறார்கள்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை மாடிக்கு வா. தனியாக வா. பழமும் பூவும் வேண்டாம். பெரியக்கா பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். நீ வருவது தெரிந்ததிலிருந்து அவருக்கு மூச்சுகூட ஒழுங்காக வருகிறது.

உன் பயணம் நல்லபடியாக அமையட்டும். சாமான் அதிகம் சுமக்காதே, உனக்கு முதுகுவலி உண்டு.

இப்படிக்கு,
உன் நெட்டை


பெண்கள் வார்டு
விழா முடிந்த வாரம்

வாலு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். தாள் பாழாகிவிட்டதே என்று புதிதாக வேறு எடுத்தேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இரண்டு தடவை எடுத்து வைத்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

நீ வந்து போனதை உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீ வருவதற்கு முன்னால் நடந்ததும் உனக்குத் தெரியாது, போன பிறகு நடந்ததும் தெரியாது. நடுவில் நடந்ததும் தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

விழா அன்று பெரியக்கா விடிந்ததும் விடியாததுமாக என்னை விரட்ட ஆரம்பித்துவிட்டார். உடம்பைத் துடை என்றார். துடைத்ததில் சோப்பு வாசம் போதவில்லை, இன்னொரு தடவை துடை என்றார். தலை சீவச் சொன்னார். பெட்டியிலிருந்து, நாம் சட்டையில் குத்திக்கொள்வோமே, அந்தத் தொங்கு கடிகாரத்தை எடுக்கச் சொல்லி, ஆஸ்பத்திரி கவுனில் குத்தச் சொன்னார். அது ஓடவில்லை என்றேன். ஓடாவிட்டால் உனக்கென்ன, குத்து என்றார்.

காலையில் நீர் பிரியும் மாத்திரை கொடுப்போம். அதைப் போட்டால் மதியம்வரை திரும்பத் திரும்ப பெட் பேன் கேட்பார். அன்று மாத்திரையை வாயில் வாங்கினார், தண்ணீரையும் குடித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கன்னத்தில் அதக்கி வைத்திருந்ததை எடுத்து டிஷ்யூவில் மடித்துவிட்டார். எத்தனை நோயாளிகளின் கன்னத்தைத் திறந்து பார்த்துத் திட்டியவர் அவர். நான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். அப்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வாலு வர்ற நேரத்துல நான் பெட் பேன்ல உக்காந்திருக்கணுமாடி? ஒரு நாள்தானே" என்றார். பெட் பேன் வைக்க வேண்டியவளே நீதானே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, மாத்திரையைக் குப்பையில் போட்டேன். ஒரு நாள்தானே என்று நானும் நினைத்தேன்.

நீ முதலில் மாடிக்கு வருவாய் என்று காத்திருந்தோம். வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து உட்கார முயற்சி செய்தார். வரவில்லை. விழா தொடங்கிவிட்டது. பேச்சை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். உன் பேச்சை நாங்கள் வார்டிலிருந்து கேட்டோம். நன்றாகத்தான் பேசினாய். காமாலைக் கதையைச் சொன்னாய். உன்னை மடியில் போட்டுக்கொண்டு மருந்து புகட்டிய ஒரு மூத்த சிஸ்டரைப் பற்றிச் சொன்னாய். கீழே கூட்டம் கண்ணும் கண்ணீருமாக இருந்தது என்று கேள்விப்பட்டேன். வார்டில் தையல்காரம்மாகூட அழுதார். பெரியக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, புது மணப்பெண் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு, இன்று அவர் நம்மோடு இல்லாவிட்டாலும் அவர் கற்றுக்கொடுத்த கருணை நம்மோடு இருக்கிறது என்று சொன்னாய். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பக்கத்துக் கட்டில் டீச்சருக்கு விவரம் முழுதாகப் புரியவில்லை. பெரியக்கா பக்கம் திரும்பி, பாவம், அந்த சிஸ்டர் எப்போது காலமானார் என்று கேட்டார். பெரியக்கா சொன்ன பதில் இது: "இன்னும் ஆகல டீச்சர்."

மேடையில் இல்லை என்று சொல்ல வந்து வாய் தவறிவிட்டது என்று நீ சொல்வாய். இருக்கட்டும். ஆளே இல்லை என்று வைத்துக்கொண்டால் பேசுவதற்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விருந்தெல்லாம் முடிந்து நீ வந்தாய். தனியாக வரச் சொன்னேன். மேட்ரன், கண்காணிப்பாளர், போட்டோ எடுப்பவர், பின்னால் நாலு மாணவிகள் என்று ஒரு ஊர்வலமாக வந்தாய். அதற்குள் பெரியக்காவுக்குக் காலில் வீக்கம் ஏறி மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. ஆனாலும் உன்னைப் பார்த்ததும் சிரித்தார். கட்டிலில் உனக்கு இடம் விடுவதற்காக இடுப்பை நகர்த்தினார். அந்த இடுப்பை நகர்த்த அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ உட்காரவில்லை. கைப்பையைத் திறந்து கிளவுஸை எடுத்து, இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டாய். விரல் விரலாக இழுத்துச் சரிசெய்தாய். "என்னம்மா, எப்படி இருக்கீங்க?" என்றாய்.

அம்மா. பெயர் தெரியாத நோயாளிகளை நாம் எல்லாரும் கூப்பிடுகிற அம்மா. பெரியக்கா என்று கூப்பிட உன் நாக்குக்கு என்ன கேடு வந்தது?

அவர் பதில் சொல்வதற்குள் நீ போர்வையை விலக்கி, முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினாய். குழி விழுந்தது. எத்தனை நாளாக இந்த வீக்கம் என்று கேட்டாய். அவரிடம் இல்லை, அவர் தலைக்கு மேலாக என்னிடம். பிறகு எல்லார் முன்னாலும், "நீர் மாத்திரை ஒழுங்கா குடுக்குறீங்களா இல்லையா?" என்றாய். என்னை, ஒரே தட்டில் சாப்பிட்டவளை, நீங்க என்றாய். கண்காணிப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேட்ரன் கேஸ் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் என்ன சொல்ல முடியும்? உனக்காகத்தான் மாத்திரையைத் துப்பினார், உன் முன்னால் நனைந்துவிடக் கூடாது என்றுதான் துப்பினார் என்று அந்தக் கூட்டத்தில் சொல்லட்டுமா? அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடுக்கவில்லை, மறந்துவிட்டேன் என்றேன். மேட்ரன் எனக்கு மெமோ கொடுத்தார். அதைப் பற்றி ஒன்றும் இல்லை, இத்தனை வருஷ சர்வீஸில் அது ஒன்றுதான் வாங்காமல் இருந்தேன்.

அப்புறம் கையைப் பிடித்தபடி ஒரு போட்டோ. தைரியமாக இருங்கள் என்று சொல்லித் தட்டிக்கொடுத்தாய். அந்த ரப்பர் சத்தம் எனக்குக் கேட்டது. கிளவுஸை உள்பக்கம் வெளியே வரும்படி பதமாகக் கழற்றி, கட்டில் காலடியில் இருந்த வாளியில் போட்டுவிட்டுப் போய்விட்டாய். சரியாகத்தான் கழற்றினாய். குறை சொல்வதற்கில்லை.

நீ போன பிறகு அவர் என்ன சொன்னார் தெரியுமா? உனக்காக வாதாடினார். வெளிநாட்டில் அப்படித்தான் பழக்கம், கிளவுஸ் இல்லாமல் தொட்டால் வேலையே போய்விடும், அவள் செய்ததில் தப்பே இல்லை என்று நான் ஒன்றும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மூச்சுத் திணறல் அதிகமாகி ஊசி போட்டோம். பெட் பேன் மாற்றி மாற்றி வைத்தேன். கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலக் கேட்டார்:

"நெட்டை, எனக்கு ஒட்டுற நோய் ஏதாவது இருக்காடி? இருந்தா சொல்லிடு. நானும் நர்ஸ்தானே."

எத்தனை நோயாளிகளிடம் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் அன்று, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

பேனரைக் கழற்றிவிட்டார்கள். வார்டில் வெளிச்சம் வந்துவிட்டது. இதற்கு மேல் எழுதினால் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன். நிறுத்துகிறேன்.

நெட்டை


பெண்கள் வார்டு, டூட்டி ரூம்
மதியம்

அன்புள்ள வாலுவுக்கு,

பார்சல் வந்தது. காற்று மெத்தை நன்றாக இருக்கிறது, பெரியக்காவுக்கு முதுகுப் புண் காய ஆரம்பித்துவிட்டது. தடவுகிற மருந்தும் நல்ல மருந்து. தையல்காரம்மாவுக்கும் கொஞ்சம் போட்டேன், கோபித்துக்கொள்ளாதே. டாக்டரிடம் உன் கடிதத்தில் இருந்த மருந்து யோசனையைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, முன்பே கேட்டிருக்கலாம் என்றார். மாத்திரையை மாற்றியிருக்கிறார். அதற்கெல்லாம் உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

கிளவுஸ் பெட்டிகளும் வந்தன. அடுக்கி வைக்க அலமாரியில் இடம் போதவில்லை. அவற்றைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. ஆயா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கட்டிலில் அவரைப் பார்த்ததும் உனக்கு ஒன்றும் ஓடவில்லை, கை தானாகப் பைக்குள் போய்விட்டது, கிளவுஸைப் போட்ட பிறகுதான் மூச்சே வந்தது என்று எழுதியிருக்கிறாய். பெரியக்கா என்று கூப்பிட்டிருந்தால் அந்தக் கூட்டத்தின் முன்னால் விழுந்து அழுதிருப்பேன் என்றும் எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். இதை வேறு யாராவது எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். என் அப்பா இறந்த அன்று, நானும் அழாமல் அவர் கட்டில் விரிப்பைத்தான் மூலை மடித்து இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாய். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நம்மைப் போன்றவர்களுக்கு மனசு ஆடினால் கை வேலையைத் தேடிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லாதவர்கள் மாதிரி இருக்கும்.

உன்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதியை நீ வந்தபிறகு நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் புரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? புரிந்துகொள்ள வேண்டியவர் அங்கே படுத்திருக்கிறார். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்ல பிள்ளை என்றார், அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொண்டு அழாத குழந்தைகளிடம் சொல்வோமே, அப்படி ஒரு நல்ல பிள்ளை.

இங்கே இருக்கிற நிலைமையைச் சொல்கிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். டூட்டி மாறும்போது இப்போது பெரியக்கா பேசுவதில்லை. அவர் கட்டில் வந்ததும் நாங்கள் பழக்கத்தில் கொஞ்சம் நிற்கிறோம், அவர் சொல்வார் என்று. கண்ணை மூடிக்கொள்கிறார். நாங்களே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். டிரிப் முடிந்தாலும் குரல் வருவதில்லை. அன்றைக்கு டீச்சருடைய பாட்டில் காலியாகி ரத்தம் குழாயில் ஏறிவிட்டது. பெரியக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தார், பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். பேஷண்டு எதற்கு மற்ற பேஷண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது சிஸ்டர் வேலை என்றார்.

இன்னொன்று. அவரைத் துடைக்கப் போனால் கிளவுஸ் போடச் சொல்கிறார். புண்ணுக்கு மருந்து போடும்போது சரி, தலை சீவுவதற்கும் போடச் சொல்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று அந்தக் கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் அவர் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டார். அந்தக் கையில் இன்னும் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "நான் பேஷண்டுடி" என்றார். "பேஷண்டை எப்படித் தொடணுமோ அப்படித் தொடு."

நான் டூட்டி ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வார்டில் அவர் ஒரு நாளும் நோயாளியாக இருக்கவில்லை, வாலு. எலும்பு உடைந்து வந்தபோதுகூட, ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே அதைத் தள்ளியவனுக்குத் திருப்பத்தில் எப்படித் தள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் வந்தார். நீ வந்து போன பிறகுதான் அவரை நாங்கள் அட்மிட் செய்த மாதிரி இருக்கிறது.

நீ எப்போது வருவாய் என்று இப்போது கேட்பதில்லை. முன்பெல்லாம் கேட்டால் எனக்கு எப்படி எரியும் என்று எழுதியிருந்தேன். இப்போது துடைத்து முடித்துவிட்டு, ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க மாட்டாரா என்று நிற்கிறேன். நானாகவே, வாலு வருவாள் அக்கா என்று சொல்லியும் பார்த்தேன். அதற்கு அவர் தண்ணீர் கேட்டார்.

என் கை அவருக்குப் போதவில்லை. இத்தனை நாள் செய்த கை, போதவில்லை. இதை எழுதுவதற்கு எனக்குக் கசக்கிறது. எழுதாமல் விட்டுவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே என்று முடித்திருக்கலாம். நீயும் அங்கே நிம்மதியாக இருந்திருப்பாய். ஆனால் அவர் இப்படி, யாரோ ஒரு ஜன்னலோரக் கட்டிலாகப் போய்விடக் கூடாது. எத்தனையோ பேரை அப்படிப் போகவிடாமல் கூடவே உட்கார்ந்திருந்தவர் அவர்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அதே வார்த்தைகளை நீயும் நானும் எத்தனையோ வீட்டாரிடம் சொல்லியிருக்கிறோம்.

அதனால் வா. லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது என்று ஒன்றும் எழுதாதே. மேட்ரனுக்குத் தெரிவிக்க வேண்டாம், பின்பக்கப் படிக்கட்டில் வா, நான் கதவைத் திறந்து வைக்கிறேன். பார்சல் எதுவும் வேண்டாம். காலைப் பார்க்காதே, சார்ட்டைப் பார்க்காதே, என்னிடம் ஒன்றும் விசாரிக்காதே. நேராகக் கட்டிலில் போய் உட்கார். இடம் இருக்கிறது, அன்று உனக்காக நகர்ந்தவர் இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அழுகை வந்தால் எல்லார் முன்னாலும் அழு, நான் திரையை இழுத்துவிடுகிறேன். அவர் கையை இழுத்துக்கொள்வார், விடாதே. பெரியக்கா என்று கூப்பிடு. கூப்பிட்டுக்கொண்டே உன் வெறும் புறங்கையை அவர் நெற்றியில் வை. காய்ச்சல் இருக்காது. வை.

உன் வரவை எதிர்பார்க்கும்,
நெட்டை